காலி ஹாலில் எட்டு ஏசி

சுப்பராமன் தீயணைப்பு வண்டிக்குப் பயப்பட ஆரம்பித்தது இந்த ஆடியில்தான்.

அதற்கு முன்பும் அவருக்குப் பயங்கள் இருந்தன. கரப்பான்பூச்சி, சமையல் கான்ட்ராக்டர், மனைவி சூடாமணி. எல்லாம் பழகிய பயங்கள். இது புதுசு. ராயப்பேட்டைப் பக்கம் எங்கோ மணி அடித்தால்கூட, மயிலாப்பூரில் அவர் கையில் இருக்கும் காபி டம்ளர் டபராவோடு சேர்ந்து தாளம் போட்டது.

"ஏன்னா, மேல பல்லி விழுந்துதா?"

"இல்லையே. சும்மா எழுந்துண்டேன்."

"சும்மா எழுந்துக்கறவா வேஷ்டியில காபி கொட்டிக்க மாட்டா."

மாட வீதிக்குப் பின்னால் சுப்பராமனுக்கு ஒரு மினி ஹால் இருந்தது. நிச்சயதார்த்தம், சீமந்தம், சின்னக் கல்யாணங்கள். போன தையில், வாழைமரம் வாங்குவது வீண்செலவு என்று வாசலில் பிளாஸ்டிக் வாழைமரம் கட்டினார். பிள்ளை வீட்டார் குலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பொண்ணாவது நிஜமா?" என்று கேட்டார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தி உள்ளே அழைத்து வந்தவள் சூடாமணி. அன்றைக்கே தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

"இன்னொரு தடவை எனக்குத் தெரியாம மூளையை உபயோகிச்சேள்னா, ஹால் சாவி என் இடுப்புக்கு வந்துடும்."

அந்தச் சாவிக்கொத்து இடுப்பில் குலுங்குவதால்தான் பூக்காரி முதல் ஐயர் வரை அவரை ஓனர் என்று கூப்பிட்டார்கள். வீட்டில் அவருக்கு அப்படிப் பட்டம் எதுவும் கிடையாது.

இந்த நிலையில் அரசு மானியத் திட்டம் ஒன்று வந்தது. வணிகக் கட்டடங்களில் மின்சாரத்தைக் குடிக்கும் பழைய ஏசி, விளக்கு, மோட்டாரை மாற்றினால் செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தருவார்களாம். மாற்றுவதற்கு முன் ஒரு மாதம் தனி மீட்டர் வைத்து அளப்பார்கள். மாற்றிய பிறகு ஒரு மாதம். எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு மானியம். சுப்பராமன் யாரிடமும் மூச்சு விடாமல் விண்ணப்பித்தார். புது ஏசிகளுக்கு முன்பணமும் கொடுத்துவிட்டார்.

அளக்க வந்த இன்ஜினியர் ஆஃப்ரீன், "முதல் ரீடிங் எந்த மாசம் எடுக்கலாம் சார்?" என்று கேட்டாள்.

"ஆடியில எடுத்துக்கோங்கோ. முகூர்த்தமே கிடையாது. ஹால் காலி. உங்களுக்குத் தொந்தரவே இருக்காது."

மீட்டர் பொருத்திய மறுநாள், முகத்தில் ஒரு பாதி சவரம் முடிந்திருந்தபோது உண்மை உறைத்தது. ஆடியில் ஹால் இருட்டு. ரீடிங் பூஜ்யம். புது ஏசி மாட்டும்போது ஆவணி பிறந்துவிடும். வரிசையாகக் கல்யாணம். எத்தனை சிக்கனமான ஏசியாக இருந்தாலும் பூஜ்யத்தைவிடக் குறைவாகவா ஓடும்? மானியம் போச்சு. முன்பணம் தெரிந்துவிடும். சாவி போச்சு.

மறு கன்னத்தைச் சவரம் செய்யாமலே ஹாலுக்கு ஓடினார். எட்டு ஏசி, விளக்கு, விசிறி எல்லாவற்றையும் போட்டார். ஏசிகள் ஒவ்வொன்றும் நனைந்த எருமை மாதிரி உதறிக்கொண்டு எழுந்தன. கதவைப் பூட்டினார். வாசலில் வாட்ச்மேன் கோதண்டபாணி நின்றான்.

"உள்ள இன்னா சார், ஆளே இல்லாம ஏசி ஓடிக்கினு கீது?"

"ஓடட்டும். ஆவணி வரைக்கும் ஓடணும். யார்கிட்டயும் சொல்லாதே."

"அம்மாகிட்ட?"

"அம்மாகிட்ட முக்கியமா சொல்லாதே."

அதன் பிறகு அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. போனால் யாராவது பார்ப்பார்கள், பார்த்தால் கேட்பார்கள். வீட்டில் உட்கார்ந்தபடியே பயந்தார். ஹாலின் ஒயர்கள் அவர் அப்பா காலத்தவை. மத்தியானத் தூக்கத்தில் அவை ஒவ்வொன்றாகச் சிவந்து தெரிந்தன. சூடாமணி தினமும் மூன்று மணிக்குக் கோவிலுக்குக் கிளம்பிப் போனது ஒன்றுதான் ஆறுதல். ஆடி மாதம், அம்மன் கோவில். அந்தச் சமயம் பார்த்து போன் செய்வார்.

"கோதண்டபாணி, கருகற வாசனை ஏதாவது வருதா?"

"வாசன வருது சார். கருகல் இல்ல. சாம்பிராணி மாறி கீது."

சுப்பராமனுக்கு வியர்த்தது. ஒயர் உருகினால் சாம்பிராணி வாசனை வருமோ?

"சத்தம்?"

"சத்தம் நெறைய கீது சார். கசகசன்னு. மூணு மணிக்கு மேல காதே அடைச்சுக்குது."

மூன்று மணிக்கு மேல் கம்ப்ரஸர் சூடாகிறது என்று முடிவு செய்து, இரண்டு ரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் ஆஃப்ரீனின் போன் வந்தது.

"சார், வெள்ளிக்கிழமை ஹாலுக்கு வர்றேன். ஆடி ரீடிங் விஷயம். நேர்ல பேசினா நல்லது."

'நேர்ல பேசினா நல்லது' என்பதை அவர் இதுவரை டாக்டர்களிடம்தான் கேட்டிருக்கிறார். மோசடி, வழக்கு, பேப்பரில் போட்டோ எல்லாம் கண்முன் வந்தன. போட்டோவில் சாவிக்கொத்து சூடாமணியின் இடுப்பில் இருந்தது.

காலி ஹாலில் ஓடிய மின்சாரத்துக்குக் கணக்குக் காட்ட, வெள்ளிக்கிழமைக்குள் ஹாலில் ஒரு விசேஷம் நடந்தாக வேண்டும். ஆடியில் என்ன விசேஷம்? அறுபதாம் கல்யாணம் ஒன்றுதான் பிறந்த மாதத்தைப் பார்க்கும். மருமான் குருபிரசாதைக் கூப்பிட்டார்.

"குரு, நீ ஆடியிலதானே பொறந்தே? உனக்கு அறுபது ஆயிடுத்தோ?"

"நாப்பத்திரண்டு மாமா."

"கொஞ்சம் முன்னாடியே பண்ணிண்டா தப்பில்லையே?"

"யாரோட மாமா? எனக்கு இன்னும் முதல் கல்யாணமே ஆகலை."

வெள்ளிக்கிழமை கோவில் மணி ஒலிக்க, சாவிக்கொத்தை இறுகப் பிடித்துக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தார். ஹால் வாசலில் கூட்டம். தீப்பிடித்துவிட்டது என்றே நினைத்தார். ஓடினார். எதிரே வந்த பெண்கள் கையில் பை வைத்திருந்தார்கள். தீ விபத்திலிருந்து யாரும் இவ்வளவு சிரித்துக்கொண்டு வெளியே வருவதில்லை.

உள்ளே குளுகுளு என்றிருந்தது. மணமேடையில் புடவைகள் தொங்கின. ஹோமம் வளர்க்கும் இடத்தில் சாம்பிராணிக் கடை. சாப்பாட்டு மேஜைகளில் அப்பளம், வடகம், வளையல். தி.நகர் கடைகள் பாதி இங்கே குடிவந்த மாதிரி ஆடித் தள்ளுபடி அமர்க்களப்பட்டது. பெண்ணின் அப்பா உட்காரும் நாற்காலியில் சூடாமணி. பக்கத்தில் மோர் குடித்துக்கொண்டு ஆஃப்ரீன்.

"வாங்கோ. ஆஃப்ரீன், எங்காத்துக்காரரைத் தெரியுமோன்னோ?"

"சார், மேடம் எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

சுப்பராமன் ஒரு அப்பளக் கட்டின் மேல் உட்கார்ந்தார். அது நொறுங்கியது.

"எல்லாம்னா?"

"ஆடியில ஹால் காலி, இந்த ரீடிங் சரிவராதுன்னு ஆபீசுக்கு போன் பண்ணாங்க. போன ஆவணி பில்லைக் குடுத்தாங்க. அதையே அடிப்படையா எடுத்துக்கிட்டோம். இந்த மீட்டரைக் கழட்டத்தான் வந்தேன். நீங்களே அன்னிக்குக் கேட்டிருக்கலாமே சார்?"

கேட்டிருக்கலாம். எல்லா வழிகளையும் யோசித்தவருக்கு அது மட்டும் தோன்றவில்லை.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார் மனைவியிடம், ஈனஸ்வரத்தில்.

"முண்டகக்கண்ணி அம்மனைச் சேவிச்சுட்டு இந்தப் பக்கமா வரேன். ஏசித் தண்ணி சுவத்துல அருவியா வழியறது. கோதண்டபாணியை ஒரு பார்வை பார்த்தேன். கொட்டிட்டான். மீட்டர்ல ஆபீஸ் நம்பர் ஒட்டியிருந்தது, மீதியை அவா சொல்லிட்டா."

"ஒயர்?"

"அன்னிக்கே எலக்ட்ரீஷியன் லாரன்ஸைக் கூட்டிண்டு வந்து மாத்தியாச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் செத்துச் செத்துப் பொழைச்சிண்டிருந்தேனே!"

"சொன்னா ஓடி வந்து ஏசியை அணைச்சிருப்பேள். இத்தனை பேரும் பாண்டி பஜார் வெயில்லன்னா நின்னிருப்பா!"

சுப்பராமன் எழுந்தார். வேஷ்டியிலிருந்து அப்பளத் தூள் உதிர்ந்தது. இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை மெல்ல அவிழ்த்து, தலை குனிந்து நீட்டினார்.

சூடாமணி அதை அவர் உள்ளங்கையிலேயே வைத்து மூடினாள்.

"நீங்களே வெச்சுக்கோங்கோ."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் இவ்வளவு பெரிய மனசா?

"பூட்டை மாத்தி பத்து நாளாறது."