லெய்சாவி சொன்ன படம்

தூதர் கொடுத்துவிட்டுப் போன குறுந்தட்டு சுற்றவே மாட்டேன் என்றது.

வனுவாட்டுத் தலைநகர் போர்ட் விலாவின் திரையரங்கில் நூறு பேர். முன்வரிசையில் வெளியுறவு அமைச்சர் தாரிமுலி. இரண்டு நாடுகள் மோதும் ஐ.நா. தேர்தலில் வனுவாட்டுவின் ஓட்டு அவர் கையில். தன் நாட்டுப் படம் காட்டி அவர் மனதைக் கரைக்க வேண்டிய, அதில் ஒரு நாட்டின் தூதரோ, விமானம் ரத்தாகி டன்னா தீவில் மாட்டிக்கொண்டார். தூதரகத்தின் பண்பாட்டு உதவியாளர் லெய்சாவிதான் பொறுப்பு.

"நான் பாத்துக்கறேன் சார்" என்று போனில் சொல்லியிருந்தாள். எதற்கும் அதையே சொல்பவள்.

"அக்கா, கம்ப்யூட்டர்ல தூதரகப் படம் ஒண்ணு கெடக்கு. போட்டுடவா?" என்றான் படம் ஓட்டும் கல்சோ.

"போடு, போடு!"

ஓடியது. ஆனால் தொடக்கம் இல்லை, கீழே எழுத்தும் இல்லை. தூதர் நாட்டு மொழியில் லெய்சாவிக்கு 'வணக்கம்' மட்டும்தான் தெரியும். படத்தில் யாரும் வணக்கம் சொல்லவில்லை.

அமைச்சர் கொட்டாவி விட்டார். லெய்சாவி மைக்கைப் பிடித்து, கையிலிருந்த கதைச்சுருக்கத்தை உள்ளூர் மொழியான பிஸ்லாமாவில் படித்தாள். "போர்லேர்ந்து ஒரு வீரன் ஊர் திரும்புறான்..."

திரையில் ஒரு குண்டு மனிதர் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்.

"வீரன் எங்கம்மா?" என்றது ஒரு குரல்.

"அடுப்புக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கான்!"

அவன் வெளியே வருவதாக இல்லை. லெய்சாவி தாளைக் கசக்கி எறிந்தாள். ரொட்டிக்காரர் ஒரு கல்லறை முன் விழுந்து அழுதார்.

"கல்யாணத்துக்குப் பொண்ணு வீட்டுக்குக் குடுக்க வளர்த்த பன்னி, செத்துப்போச்சு!"

அரங்கு பதறியது. பல் சுருளச் சுருளப் பன்றிக்கு மதிப்பு கூடும் ஊர் அது. "பல்லு எத்தன சுத்து சுத்தியிருந்துச்சு?"

"ரெண்டு சுத்து!"

"அடப்பாவமே!"

"அந்தக் கோட்டுக்காரன் யாரு?"

"பொண்ணோட மாமன். பன்னி இல்லன்னா பொண்ணு இல்லங்கறான்."

"அவன வெளிய தள்ளுங்கடா!" என்று பெண்கள் கத்தினார்கள்.

கடைசியில் ரொட்டிக்காரரும் ஒரு பெண்ணும் கட்டிக்கொண்டபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அமைச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பன்னிக்காக அழத் தெரிஞ்ச ஜனங்க! எங்க ஓட்டு இந்தப் படத்த எடுத்த நாட்டுக்குத்தான்" என்று எல்லோர் முன்னும் அறிவித்தார்.

லெய்சாவி தூதருக்குப் போன் போட்டாள். "ஜெயிச்சாச்சு சார்!"

பின்வரிசையிலிருந்து வந்த ஒரு வெளிநாட்டுக்காரர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நான் எதிர்த்து நிக்கற நாட்டோட தூதரகத்து ஆளும்மா. போன வருஷம் நாங்க இங்க விட்டுட்டுப்போன எங்க படம் இது. ஓட்டு வாங்கிக் குடுத்ததுக்கு ரொம்ப நன்றி."