அமெரிக்காவிலிருந்து வந்த பூச்சி

தனக்குத் தெரியாத விஷயம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று பரமேஸ்வரன் நம்பியதே இல்லை. புக்கிட் காத்தில் ஊரில் அவர் வீட்டுச் சுவரில் அரை அங்குலப் பூச்சி ஒன்று வந்து உட்கார்ந்த அன்று அந்த நம்பிக்கை இன்னும் ஒரு முழம் வளர்ந்தது.

பூதக்கண்ணாடி வந்தது. பழைய புத்தகக் கடையில் வாங்கிய அமெரிக்கப் பூச்சிப் புத்தகம் வந்தது. அதில் இரண்டு பூச்சிகள், இரட்டைப் பிள்ளைகளே தோற்றுப்போகும் அளவுக்கு ஒன்றுபோல் இருந்தன. நிபுணர்களே தடுமாறுவார்கள் என்று புத்தகமே கையை விரித்திருந்தது. பரமேஸ்வரன் தடுமாறவில்லை. இறக்கை ஓரத்தில் கறுப்புக் கோடு இருந்தால் முதல் பூச்சி, அமெரிக்காவில் மட்டுமே வாழ்வது. இருந்தது.

புகழ் வாசலில் நிற்கும்போது சில்லறை விஷயங்கள் மறந்துபோகும். மைத்துனன் புவனேஷ் அமெரிக்காவிலிருந்து ஆள் மூலம் ஆபீசுக்குக் கொடுத்தனுப்பிய தேன் பாதாம் டின்னும் அப்படித்தான் மறந்தது. பரமேஸ்வரனுக்கு இனிப்புநீர் நோய். மனைவி கண்ணில் பட்டால் டின் போய்விடும். அதனால் அதைப் பழைய கால்சட்டைகளுக்கு அடியில் புதைத்து, தினம் ஒரு பிடி தின்றுவந்தார். "தம்பி ஏதாச்சும் குடுத்தனுப்பினானா?" என்று போன வாரம் அவள் கேட்டதற்கு, "ஒண்ணுமில்லையே" என்று கூசாமல் சொல்லியிருந்தார்.

"இந்திரா, இது அசல் அமெரிக்கா. பேப்பர்ல என் போட்டோ வரப்போவுது பாரு."

இந்திராதேவி பயற்றங்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "நம்ம ஊரு அந்து மாதிரிதாங்க இருக்கு."

"படிக்காதவங்க கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்."

"சரிலா. அவ்வளவு தூரம் பறந்தா வந்துச்சு?"

"நகத்துல அடங்குற பூச்சி கடலைத் தாண்டுமா? தீனியோட வந்திருக்கும். பாதாம்னா இதுக்கு உசுருன்னு புத்தகத்துல போட்டிருக்கான்."

"அப்ப நம்ம வீட்டுக்குள்ள அமெரிக்க பாதாம் வந்திருக்கணும்."

"வராம? கண்டிப்பா வந்திருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் பரமேஸ்வரனுக்குக் கால்சட்டைகள் ஞாபகத்துக்கு வந்தன. ஒரே பூச்சியை வைத்துத் தன் திருட்டைத் தானே நிரூபித்துவிட்டோமே என்று நொந்துபோனார்.

இந்திராதேவி எழுந்துபோய் அரிசி டின்னைத் திறந்தாள். அதே இறக்கை, அதே கறுப்புக் கோடு. முப்பது நாற்பது பூச்சிகள் குசினி முழுக்கப் பறந்தன.

"ரெண்டு வாரமா இதுங்களோட மல்லுக்கட்டறேன். எல்லாம் நம்ம அரிசியில பொறந்ததுங்க," என்றாள். "அமெரிக்காவுலேருந்து வந்தது தம்பி குடுத்தனுப்பின டின்னு ஒண்ணுதாங்க. அவன் அப்பவே போன்ல சொல்லிட்டான். போய் எடுத்துட்டு வாங்க."