தோன்யா தேமெத்ரியாவின் கழுத்துச் சாவி

கோச்சபம்பா,
தவக்காலத்தின் நான்காம் வாரம், சனிக்கிழமை

என் காரின் ஞானத்தகப்பனும் ஆகவே ஞான உறவுமுறையில் என் கொம்பாத்ரேயும் ஆகிய மேன்மைமிகு நிக்கானோர் அவர்களுக்கு, எலியோதோரோ வல்யேஹோஸ் மிகுந்த மரியாதையோடு எழுதிக்கொள்வது.

சாந்தாக்ரூஸ் வெயிலில் தங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். தங்கள் வீட்டம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லவும். இங்கே நானும் பெத்ரோனாவும் உயிரோடு இருக்கிறோம். அவள் என்னோடு பேசாமல் உயிரோடு இருக்கிறாள், அவ்வளவுதான் வித்தியாசம். நாயைக் கூப்பிட்டு, "ஐயாகிட்ட சொல்லு, சூப் ஆறுது" என்று சொல்கிறாள். நாயும் என்னைப் பார்க்கிறது. முப்பத்தோரு வருஷக் குடும்பம் இப்படி நாய் வாயில் நடப்பதற்கு, மரியாதையோடு சொல்கிறேன், முதல் காரணம் தாங்கள்தான்.

கார்னிவல் செவ்வாய்க்கிழமையை நினைத்துப் பாருங்கள். ஊரே வீட்டுக்கும் வண்டிக்கும் பூப்போட்டு பீர் தெளிக்கிற நாள், நாமும் தெளித்தோம். நாலு சக்கரத்துக்கும் ஆயிற்று, பூமித்தாய்க்குத் தரையில் ஊற்றியும் ஆயிற்று, வண்ணக் காகிதமும் தூவியாயிற்று. அதோடு விட்டிருக்கக் கூடாதா? "பானெட்டைத் தொறய்யா, மேலாப்புல தெளிச்சா ஆசீர்வாதம் தகரத்தோட நின்னுடும், நெஞ்சுக்குள்ள போக வேணாமா?" என்று சொன்னது யார்? திறந்த மடையன் நான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு பாட்டிலை முழுசாகக் கவிழ்த்தது தங்கள் திருக்கரம். ஓரத்தில் இருந்த தகரப் பெட்டிதான் எஞ்சினின் கம்ப்யூட்டர் என்று தங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பதினொரு வருஷமாக அந்த வண்டியில் தண்ணீர் ஊற்றுகிற இடமும் எண்ணெய் ஊற்றுகிற இடமும்தான் எனக்குத் தெரியும். பீர் ஊற்றுகிற இடம் எதுவென்று யாரும் சொல்லித் தரவில்லை.

மறுநாள் சாம்பல் புதன். நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்து சாவியைத் திருகினேன், மூச்சுப்பேச்சில்லை. மெக்கானிக் ருஃபினோ வந்து பெட்டியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "தொன் எலியோ, உங்க கம்ப்யூட்டர் குடிச்சே செத்திருக்கு" என்றான். எங்கள் ஷேர் டாக்ஸி சங்கத்தின் சட்டம் தங்களுக்குத் தெரியும். எட்டு நாள் வரிசையில் வண்டி நிற்காவிட்டால் அந்த இடம் அடுத்தவனுக்கு. நாலு வருஷம் காத்திருந்து வாங்கிய இடம், கொம்பாத்ரே! அது போனால் இந்த வயசில் நான் என்ன செய்ய, தெருவில் ஊதல் விற்கவா?

ஓடினேன். பழைய சாமான் சந்தையில் அதே மாதிரி வண்டியின் கம்ப்யூட்டர் ஒன்று, பார்க்க மூக்கும் முழியுமாக இருந்தது, வாங்கி வந்து மாட்டினோம். சாவியைத் திருகினேன், எஞ்சின் உறுமியது! நான் ருஃபினோவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன், அந்த முத்தம் முடிவதற்குள் எஞ்சின் நின்றுவிட்டது. மறுபடி திருகினேன், மறுபடி உறுமல், மறுபடி சவம். டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு கண்ணடித்துக்கொண்டே இருந்தது. ருஃபினோ தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"இம்மொபிலைசருங்க. திருட்டுக்குப் பயந்து வச்ச பூட்டு. சாவித் தலைக்குள்ள ஒரு சில்லு இருக்கு, அது போய் ரகசியமா பேரைச் சொல்லும், கம்ப்யூட்டர் கேட்டுக்கும், அப்புறம்தான் வண்டி ஓடும். இது வேற வண்டிக் கம்ப்யூட்டரு. உங்க சாவி போய் நின்னா, 'நீ யாருடா, போடா வெளியே'ங்குது."

"எடுத்துச் சொல்லக் கூடாதாப்பா? நான்தான் இப்ப முதலாளின்னு?"

"அதுக்கு அதோட பழைய சாவி வேணும். சாவி வச்சிருக்கறவங்களைத் தேடுங்க."

தேடினேன். சந்தைக்காரன் யோசித்து யோசித்து, பக்கத்து ஊர் கில்யாகோல்யோவில் காலையில் சூடாக அபிச் சோளக்கஞ்சி விற்கிற அம்மா ஒருத்தியின் வண்டி அது, சுவரில் மோதி நொறுங்கியது என்றான். போனேன். தோன்யா தேமெத்ரியா. விதவை, ஆள் கதவு அகலம், தலையில் நம் ஊர்ப் பெண்கள் போடுகிற உயர வெள்ளைத் தொப்பி, கழுத்தில் கயிறு, கயிற்றில் சாவி. அந்தச் சாவியைப் பார்த்ததும் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொடுங்கள் அம்மா என்று கேட்டேன்.

"கொடுக்கறதா? இது ஊர்க்குப்பின்யா மாதா முன்னாடி மந்திரிச்ச சாவிய்யா. சின்ன பொம்மை வீட்டை மந்திரிச்சு வச்சா வீடு வருதில்ல? அதுமாதிரி சாவி கையில இருந்தா கார் தேடி வரும்னு வச்சிருக்கேன். இப்பப் பாரு, வந்துருச்சு!" என்று வாசலில் நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கூடவே ஒரு ஆம்பளையும் வந்திருக்கான். அது நான் கேக்கல."

கெஞ்சினேன், மன்றாடினேன், நாலு குவளை அபி குடித்தேன். கடைசியில் ஒரே முடிவு: சாவி அவள் கழுத்தை விட்டு இறங்காது, அவள் எங்கேயோ அங்கே சாவி, ஆகவே வண்டி ஓட வேண்டுமானால் அவளும் வர வேண்டும். இராத்திரி வண்டி அவள் வாசலில்தான் நிற்கும். அபிக் கடையை அவள் தங்கை பார்த்துக்கொள்வாள். ருஃபினோ என் சாவித் தலையில் சாக்லேட் வெள்ளித்தாளைச் சுற்றிவிட்டான், என் சில்லு குறுக்கே வாயாடாமல் இருக்க. நான் என் சாவியால் திருக வேண்டும், அதே சமயம் அவள் தன் சாவியைப் பக்கத்தில் காட்ட வேண்டும். இதில் என்ன கஷ்டம் என்பீர்கள். கயிறு குட்டை, கொம்பாத்ரே! ஒவ்வொரு தடவையும் அவள் என் மடிப்பக்கம் சாய்ந்தால்தான் சாவி எட்டும். தொப்பி விளிம்பு என் கண்ணைக் குத்தும். ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கையால் திருகுவேன். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு எப்படி இருக்கும், தாங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

ஏழாம் நாள் காலை வரிசையில் போய் நின்றேன், இடம் பிழைத்தது. சங்கச் செயலாளர் குனிந்து பார்த்து, "இந்த அம்மா யாரு?" என்றார். பதட்டத்தில் "சாவி" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். முழுத் தடமும் இப்போது அவளை மரியாதையாகத் 'தோன்யா சாவி' என்று கூப்பிடுகிறது. என்னைப் பார்த்தால், "என்ன தொன் எலியோ, சாவி சௌக்கியமா?" என்கிறான்கள். அவளோ முன்சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்து, "மெதுவாப் போய்யா, ஒரு காரைச் சுவத்துல விட்டவ நான், எனக்குத் தெரியும்" என்று மூன்று வாரமாக என்னை ஓட்டுகிறாள். செய்தி பெத்ரோனா காதுக்கு எட்டாமல் இருக்குமா? விதவை வாசலில் புருஷன் வண்டி விடிய விடிய நிற்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரிகள் பாடாத குறை. அன்றிலிருந்துதான் நாய் மூலம் பேச்சு. நான் விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தால் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குள் ஓடுகிறாள், தோள் குலுங்குகிறது. அழுகிறாள், கொம்பாத்ரே. என் பெத்ரோனா அழுகிறாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே தங்கள் பாதத்தில் விழுந்து கேட்பது: ஞானத்தகப்பன் என்ற முறையில் பெத்ரோனாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதவும். அதில் தோன்யா தேமெத்ரியா ஒரு பெண் அல்ல, எஞ்சினின் உதிரி பாகம் மட்டுமே என்று தெளிவாகக் குறிப்பிட்டு, கையெழுத்தோடு முத்திரையும் வைக்கவும். பீரைப் பற்றியும் எழுதினால் புண்ணியம்.

தங்கள் வீட்டில் தானியமும் சிரிப்பும் குறையாதிருக்க மாதா காக்கட்டும். என் சார்பாகவும், என்னோடு பேசாத என் மனைவி சார்பாகவும், நாய் சார்பாகவும்,

தங்கள் நொந்துபோன
எலியோதோரோ

பி.கு: கொம்பாத்ரே, இது பெத்ரோனா எழுதுவது. உறையை ஒட்டாமல் வைத்துவிட்டு மனுஷன் பசை வாங்கப் போயிருக்கிறார். நீங்கள் எனக்கு ஒன்றும் விளக்க வேண்டாம், தேமெத்ரியாவே வந்து எல்லாம் சொல்லிவிட்டாள். வண்டி வரிசைக்கு வந்த மூன்றாம் நாளே, இவர் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு சல்தேன்யா தின்னப் போன நேரத்தில் தேமெத்ரியா சாவியைக் காட்டி, ருஃபினோ இவர் சாவியையும் கம்ப்யூட்டருக்குப் பழக்கிவிட்டான். பத்து நிமிஷ வேலை. சாக்லேட் தாளை மறுபடி சுற்றி வைக்கச் சொன்னது நான்தான். அதை உரித்தால் போதும், வண்டி தானே கிளம்பும். உரிக்க யாரும் சொல்லக் கூடாது என்பது எங்கள் மூன்று பேருக்குள் ஒப்பந்தம். இத்தனை வருஷம் சிச்சாக் கள்ளுக்கடைகளைச் சுற்றிவிட்டு வீடு வந்தவர், இப்போது பொழுது சாயுமுன் நம் வீட்டு வாசலில் நிற்கிறார், சீட் பெல்ட்கூடப் போடுகிறாராம். ஞாயிற்றுக்கிழமை தேமெத்ரியா வந்து அந்த வாரக் கதையைச் சொன்னால் எனக்கு வயிறு வலிக்கிறது. இவரைப் பார்த்தாலே சிரிப்பு வருகிறது, அதனால்தான் அடுப்படிக்கு ஓடுகிறேன். பாவம் மனுஷன், அழுகிறேன் என்று நினைத்தாரா? அந்த வரியைப் படித்ததும் நிஜமாகவே கொஞ்சம் அழுதுவிட்டேன். இன்றைக்கு நாயை விட்டுவிட்டு நானே சூப் ஆறுது என்று சொல்லப் போகிறேன். ஆனால் தாளைப் பற்றி மூச்சு விட மாட்டேன். நீங்கள் எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் அவருக்கே எழுதுங்கள்: உதிரி பாகத்தைக் கழற்றாதே, எஞ்சின் நின்றுவிடும் என்று.