காலிதீன் மாமாவுக்கு, தரைக்குக் கீழே உள்ள வீடு பற்றி

நீங்கள் ஒரு மனுசியின் வீட்டைத் திருடி, அதை என் வீட்டுக்கு அடியில் புதைத்திருக்கிறீர்கள்.

அன்புள்ள காலிதீன் மாமாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாத்தை இரண்டாவதாகச் சொன்னது மரியாதை இல்லைதான். முதலில் சொன்னால் உம்மாவின் தம்பி என்ற பாசம் வந்து, சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன். இங்கு வாப்பா, உம்மா, நான் எல்லோரும் அல்லாஹ்வின் காவலில் சுகம். தரைதான் சுகமில்லை. நீங்களும் பிள்ளைகளும் கட்டாரில் நலமாக இருக்க துஆ செய்கிறேன். வாட்ஸ்அப்பில் நீங்கள் என்னை புளொக் பண்ணியிருப்பதால், பக்கத்து வீட்டு றிஷாட் அங்கே திரும்பிப் போகும்போது கருவாட்டுப் பார்சலோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன். கருவாடு உம்மா தந்தது, கடிதம் நான் தந்தது. எது நாறுகிறது என்று சந்தேகம் வந்தால் கடிதம்தான்.

நீங்கள் படித்த பெறுமதிப் பொறியியலை, அந்த வேல்யூ எஞ்சினியரிங்கை, நான் குறை சொல்ல வரவில்லை. நான் வேலை செய்யும் கார்மென்ட் ஃபெக்டரிக்கும் அந்தப் படிப்புப் படித்த ஒருவர் வந்தார். ஒரு சேர்ட்டைப் பிரித்து மேசையில் பரப்பி, இதன் வேலை என்ன, இதே வேலையை இதைவிட மலிவாக எது செய்யும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கொலருக்குள் வைக்கிற தடித்த துணியை எடுத்துவிட்டு மெல்லியதைப் போட்டார். பிறகு தைத்து, கழுவி, வெட்டுகிற பிரிவில் நிற்கிற ஒருவருக்கு உடுத்தி, கழுத்து அறுக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் சரி என்றார். உங்களுக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கடைசிக் கேள்விதான். எனக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை றிம்சானின் வாப்பாவுடைய பேக்கரிக்கு நீங்கள் ஆலோசனை சொன்ன நாளில் இருந்து அவர்களின் பணிஸ் பெரிதாக வீங்கி இருக்கிறது, கடித்தால் நடுவில் ஆளில்லை. ஊரில் எல்லாவற்றுக்கும் இதன் வேலை என்ன என்று கேட்கிற நீங்கள், பொம்புளைப் பிள்ளை பிறந்தால் வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்கிற வழக்கத்தின் வேலை என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை. மாப்பிள்ளையின் வேலை என்ன என்றும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பாதிச் செலவு அங்கேயே குறைந்திருக்கும்.

பழைய வீட்டை மூத்தவள் ராத்தாவின் கலியாணத்துக்குக் கொடுத்துவிட்டு, எனக்கென்று கட்டிய இந்த வீட்டுக்கு நாங்கள் மூன்று பேரும் வந்த கதையை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். யன்னலின் வேலை வெளிச்சமும் காற்றும், அதை ஒன்றே செய்யும் என்று அறைக்கு ஒரு யன்னலைக் குறைத்தீர்கள். சரி. குசினியையும் பாத்றூமையும் ஒரே நேரத்தில் பூட்டத் தேவையில்லை என்று இரண்டுக்கும் நடுவில் ஒரே கதவைப் போட்டு, அங்கேயும் இங்கேயும் திருப்பிப் பூட்டச் சொன்னீர்கள். இப்போது உம்மா மீன் பொரிக்கும் புகை ஹோலுக்குள் வராமல் குசினியைப் பூட்டினால், வாப்பா பாத்றூமுக்குள் இருந்து, “நஸீறா, கதவத் தாகா, ஆக்கள் வந்திரிக்காங்க” என்று கத்துகிறார். அதுவும் சரி, குடும்பம்தானே. மிச்சம் இருந்தது நிரப்பு. வயல் கரை வளவு, மாரியில் முழங்கால் தண்ணீர் நிற்கும், கிறவல் மண் கொட்டி உயர்த்தாமல் கட்ட ஏலாது என்று மேசன் பாயிஸ் பாஸ் சொன்னார். உடனே வாப்பாவின் போனுக்கு உங்கள் வொய்ஸ் வந்தது. “நிரப்புட வேல என்ன? உயரம். உயரத்துக்குப் போய் ஆராவது காசு குடுப்பானா? கடக்கரையில உடஞ்ச வீடுகள் சும்மா கிடக்கு. மெசினப் போட்டு அள்ளுங்க. டீசல் மட்டும்தான் செலவு.” வாப்பா அதைப் பள்ளி வாசலில் நின்று வந்தவர் போனவருக்கெல்லாம் போட்டுக் காட்டி, “மச்சானுக்கு மூள” என்றார்.

சும்மா கிடந்த அந்த வீடு ஆயிஷா உம்மாவுடையது. கடல் வந்த நாளில் அவவின் இரண்டு பிள்ளைகளும் அதற்குள் இருந்தார்கள். இரண்டு பேரும் கிடைக்கவில்லை. கிடைக்காதவர்களுக்குக் கபுறுக்குழியும் இல்லை. கரையில் இனி யாரும் கட்டக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு அவ தம்பி வீட்டில் ஓர் அறையில் ஒதுங்கிக்கொண்டா. ஆனால் பின்னேரம் அஸர் தொழுததும் தினமும் அங்கே போய், கூரையில்லாத ஹோலைக் கூட்டி, யாஸீன் ஓதி, மஃரிபுக்கு முன் எழும்பி வருவா. அந்த இடிபாட்டின் வேலை அதுதான் மாமா. அதை மலிவாக வேறு எது செய்யும் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் மெசின் அனுப்பச் சொன்ன மாதம் அவ கண் ஒப்பரேசனுக்குக் கொழும்பில் இருந்தா. திரும்பி வந்து, புதுக் கண்ணால் பார்த்தபோது அங்கே மணல்தான் இருந்தது.

அவ எங்கள் வீட்டுக்கு வந்தது நாங்கள் குடிவந்து கொஞ்ச நாளில். கிழக்குச் சுவருக்கு வெளியே, கதவே இல்லாத இடத்தில் நின்று ஸலாம் சொன்னா. நீங்கள் குறைத்தது போக மிஞ்சிய யன்னலால் நான் எட்டிப் பார்த்தேன். “வாசல மாத்திட்டீங்களா புள்ள?” என்று கேட்டு, சுற்றிக்கொண்டு வந்தா. எப்படி இடம் தெரியும் என்று கேட்டேன். மெசின் தடம் கிடந்ததாம். தார் ரோட்டில் மாதக்கணக்காக. ஹோலுக்குள் அவ நேரே நடக்கவில்லை. ஓர் இடத்தில் குனிந்து போனா, மேலே ஒன்றும் இல்லை. ஓர் இடத்தில் ஒதுங்கிப் போனா, கீழே ஒன்றும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்து உம்மாவைப் பார்த்தேன். உம்மா சிரிக்கவில்லை. உம்மா குமராக இருந்த காலத்தில் அந்த வீட்டுக்குப் பாய் இழைக்கப் போனவ. “அந்த இடத்தில தாவாரம் பதிவு, குனிஞ்சிதான் போற” என்று என் காதுக்குள் சொன்னா.

நான் உங்கள் மருமகள்தானே, வெட்டொன்று துண்டிரண்டாகச் சொன்னேன். “ஆயிஷா உம்மா, இது எங்கட வீடு.”

“ஓம் புள்ள, ஆர் இல்லையெண்ட? மேல உள்ளது ஒங்கட. நான் கீழ உள்ளதுக்குத்தான் வாறன்.”

அன்றிலிருந்து தினமும் வந்தா, ஒரு மூலையில் இருந்து ஓதினா, உம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தா, போனா. “வாடக கேக்கவும் ஏலா, அவ மேல இரிக்கல்லயே” என்று வாப்பா பகிடி விட்டார். ஆனால் அவ ஒதுங்கிப் போகும் இடத்தை நாங்களும் எங்களை அறியாமல் ஒதுங்கிப் போகத் தொடங்கினோம். வாப்பாதான் முதலில்.

போன வெள்ளிக்கிழமை றிம்சானின் உம்மா, வரப்போகும் என் மாமி, நிகாஹ் நாள் குறிக்க முன்னம் வீட்டைப் பார்க்க வந்தா. ஒரு பெட்டி பணிஸும் கொண்டுவந்தா. புதுக் கதிரையை இழுத்து ஹோலுக்கு நடுவில் போட்டா. மூலையில் இருந்து ஆயிஷா உம்மா, “அதில இரிக்காதீங்க, அது கிணறு” என்றா.

மாமி எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தா. “குசினிக்குக் கதவில்ல, ஹோலுக்குள்ள கிணறு. நல்ல வீடுதான்” என்று சொல்லிக்கொண்டே அதிலேயே உட்கார்ந்தா. தரையின் வேலை நடப்பது, அதில் யாரும் குதிப்பதில்லை என்று நீங்கள் பாதியாகக் குறைத்த கொங்கிறீட், ஒரு முறுக்குச் சாப்பிடும் சத்தத்தோடு உடைந்தது. கதிரையின் பின்கால் இரண்டும் இறங்கி, மாமி கையில் பணிஸோடு வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தா. நானும் உம்மாவும் இழுத்தெடுத்தோம். ஓட்டைக்குள் இருந்து கடல் மணந்தது. வயல் கரையில், மாமா. பாயிஸ் பாஸ் வந்து டோர்ச் அடித்துப் பார்த்தார். கிணற்றுக் கொங்கிறீட் வளையங்கள், ஒன்றின் மேல் ஒன்று நிமிர்ந்தபடி, அடியில் கறுப்புத் தண்ணீர். “உடைக்கக் கூலி போகும் எண்டு முழுசா இறக்கின நாங்க. ஆனா சரிச்சுத்தான் கொட்டின. அடுக்கல்ல” என்றார்.

ஆயிஷா உம்மா ஓட்டையின் ஓரத்தில் மண்டியிட்டு, சாப்பாட்டுக்குப் பிள்ளைகளைக் கூப்பிடுவது போல, “ஜெஸீல், ஸீனத்” என்றா. பதில் வந்தது. எதிரொலி என்று வாப்பா சொன்னார். எதிரொலி கூப்பிட்ட பேரைத்தான் திருப்பிச் சொல்லும், “வாறன் உம்மா” என்று சொல்லாது. எனக்குக் கேட்டது. மாமிக்குக் காது கொஞ்சம் மந்தம், அவவுக்கும் கேட்டது. பணிஸ் பெட்டியையும் விட்டுவிட்டு ஓடினா.

இப்போது மாப்பிள்ளை வீட்டாரின் பேச்சு இதுதான்: ஓட்டையை மூட வேண்டும், அந்த மனுசி இனி வரக் கூடாது, இல்லாவிட்டால் நிகாஹ் இல்லை. நீங்கள் வாப்பாவுக்குப் போட்ட வொய்ஸையும் கேட்டேன். “ஒரு லோட் கொங்கிறீட்ட ஊத்துங்க. ஓட்டைட வேல என்ன? ஒண்டுமில்லயே.” நான் ஊற்ற விடமாட்டேன். தரையை உடைத்து, அள்ளிய ஒவ்வொரு கல்லையும் கடற்கரைக்கே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும், டீசல் உங்கள் செலவு. அது நடக்கும் வரை எனக்கு நிகாஹ் வேண்டாம், வீடும் வேண்டாம். ஏழை மனுசியின் பொருளுக்கு விலை பூச்சியம் என்று போட உங்களுக்கு எந்தக் கம்பனி சொல்லித் தந்தது?

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், நீங்கள் படுக்கும் இடத்துக்கு நல்ல தரையையும் தருவானாக. பிள்ளைகளுக்கு என் முத்தம். வாப்பா ஸலாம் சொன்னார். கருவாட்டை ஊறவைத்துக் கழுவிப் பொரிக்கட்டாம், உம்மா சொன்னா.

இப்படிக்கு,
உங்கள் ராத்தாவின் இளைய மகள்
பஸ்லியா

பி.கு: மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். றிஷாட்டின் பயணம் பிந்தியதால் கடிதம் வீட்டிலேயே கிடந்தது. அதற்குள் நான் ஃபெக்டரிக்குப் போயிருந்த நேரம் பாயிஸ் பாஸ் கொங்கிறீட்டை ஊற்றி, மேலே டைல்ஸும் பதித்துவிட்டார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நிகாஹுக்கு நாளும் குறித்தாயிற்று. நானும் சம்மதித்துவிட்டேன். எனக்கு வேறு வீடு யார் கட்டித் தரப்போகிறார்கள்? ஆயிஷா உம்மா வந்து டைல்ஸில் காதை வைத்து நெடுநேரம் கேட்டா. “ஒண்டும் கேக்கல்ல புள்ள. இனி இது முழுக்க ஒங்கட வீடுதான்” என்று எழும்பி, வாசலுக்கு நேரே நடந்து போனா. எங்கேயும் குனியவில்லை. அதன் பிறகு வரவில்லை.

ஆனால் அஸர் நேரத்தில் உம்மா குசினியில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, “என்ன மகள், கூப்பிட்ட?” என்று கேட்கிறா. நான் கூப்பிடவில்லை. நேற்றும் வந்தா, இன்றும் வந்தா. இன்று எனக்கும் கேட்டது, “உம்மா” என்று, இரண்டு குரல், தரையில் இருந்து. உம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறா, நான் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். புளொக்கை எடுத்துவிட்டு உடனே ஒரு வொய்ஸ் போடுங்கள் மாமா. உங்கட ராத்தா இப்ப வாயத் திறக்கப் போறா. அதுகளுக்கு ஓம் எண்டு அவ சொல்லட்டா, வேணாவா? சொல்லுங்க.