உள்ளாள் திருப்தி

மஞ்சாடி நாட்டில் மன்னரைக்கூட ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அந்நாட்டு மக்களுக்கு அதில் பெருமை அதிகம். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வெயிலில் வரிசையாக நின்று, விரலில் மை வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய் அதே கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பார்கள்.

அந்தத் தண்ணீர்தான் பிரச்சினை. ஆற்றங்கரையில் அரண்மனைக்குச் சொந்தமான சாயப்பட்டறை இருந்தது. பட்டறையில் அன்றைக்கு என்ன சாயமோ அதுதான் ஊர்க் கிணற்றின் நிறம். திங்கட்கிழமை சிவப்பு, செவ்வாய்க்கிழமை நீலம். குடித்தவர்களுக்கு முதலில் வயிறு கெட்டது, பிறகு சிறுநீரகம் கெட்டது. கீழத்தெரு வடிவின் கணவன் கொம்பையாவுக்கு இரண்டும் கெட்டுவிட்டன.

வடிவு கல்யாண வீடுகளிலும் கோயில் கொடைத் திருவிழாக்களிலும் மைக் பிடித்துப் பாடுகிறவள். கணவனைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்தபோது பெஞ்சில் ஒரு பழைய மனோதத்துவப் புத்தகம் கிடைத்தது. கடல் தாண்டிய நாட்டு வைத்தியர் ஒருவர் எழுதியது. மனிதன் ஊருக்குக் காட்டுவது ஒரு முகமூடி. காட்டப் பயந்து அவன் உள்ளே தள்ளிய கோபமும் வெறுப்பும் ஆசையும் சேர்ந்து இன்னொரு ஆளாக உள்ளேயே நின்றுகொண்டிருக்கிறது என்று அதில் இருந்தது. தண்ணீரைப் பற்றிச் சொல்லப் போய்ப் பட்டறை மேலாளர் முன்னால் தான் எத்தனை முறை பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம் என்று வடிவு எண்ணிப் பார்த்தாள். ஒரு வாரத்தில் பாட்டு வந்துவிட்டது.

"சிரிக்கிறவ வெளிய நிக்கா,
துப்புறவ உள்ள நிக்கா,
கதவத் தெறந்தா ரெண்டு பேர்ல
யாரு வருவா, சொல்லு மாமா?"

தவிலும் கீபோர்டுமாக அந்தப் பாட்டு பேருந்துகளில் ஏறியது, முடிவெட்டும் கடைகளில் உட்கார்ந்தது, அரண்மனைச் சமையற்கட்டிலும் நுழைந்தது. மூன்றே மாதத்தில் உள்மனத்தைப் பற்றிப் பாடாத பாடகர் அந்நாட்டில் இல்லை. காதல் பாட்டிலும் நிழல் வந்தது, குத்துப் பாட்டிலும் முகமூடி வந்தது. பாதிப் பேருக்கு அந்த வைத்தியரின் பெயர்கூடத் தெரியாது. ஆனால் தனக்குள்ளே துப்பக் காத்திருக்கிற ஒருத்தியை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அரசு அதைத் தடை செய்திருந்தால் ஆறு மாதத்தில் பாட்டு ஓய்ந்திருக்கும். அமைச்சர் நுண்மதியார் அதைவிடக் கெட்டிக்காரர்.

"மன்னர் பெருமானே, பாட்டைத் தடை செய்வது அறிவில்லாத அரசுகளின் வழக்கம். நாம் இதை ஏற்றுக்கொள்வோம். ஒவ்வொரு குடிமகனுக்குள்ளும் ஓர் உள்ளாள் உண்டென்று அவர்களே பாடுகிறார்கள். அந்த உள்ளாளுக்கென்று ஓர் அமைச்சகம்கூட நம்மிடம் இல்லாதது பெருங்குறை" என்றார்.

"அந்த உள்ளாளுக்கு என்னதான் வேணுமாம்?" என்று மன்னர் கீர்த்திமாறர் கேட்டார்.

"அது அவர்களுக்கே தெரியாது பெருமானே. புத்தகத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. தெரிந்து சொல்வது நிபுணர்களின் வேலை. நிபுணர்களை நியமிப்பது நம் வேலை."

அப்படித்தான் உள்ளாள் அமைச்சகம் பிறந்தது. இனிமேல் எந்த மனுவும் முதலில் நிபுணர் குழுவுக்குப் போக வேண்டும், மனுதாரரின் உள்ளாள் என்ன நினைக்கிறார் என்று குழு அறிந்து முத்திரை குத்தும் என்று சட்டம் வந்தது. முத்திரை ஒன்றுதான் செய்திருந்தார்கள். 'உள்ளாள் திருப்தி.'

பட்டறையை மூடச் சொல்லிக் கணவன் பெயரில் வடிவு கொடுத்த மனுவும் அந்த முத்திரையோடு திரும்பி வந்தது. அவள் நேரே அலுவலகத்துக்குப் போனாள்.

"இது உங்க வீட்டுக்காரரோட வெளியாள் பண்ற புகார்ம்மா. உள்ளாள் திருப்தியா இருக்கார்" என்றார் அதிகாரி.

"அவரு ஆஸ்பத்திரில கெடக்காரு. உங்க ஆளு ஒருத்தர்கூட வந்து பாக்கலையே?"

"வந்து பார்த்தா வெளியாளைத்தானேம்மா பார்க்க முடியும்?"

அதிகாரி இதைச் சிரிக்காமல் சொன்னார். பயிற்சி கொடுத்திருந்தார்கள். அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அன்றிலிருந்து பதினெட்டாம் நாள் கொம்பையா செத்துப்போனான். இறப்புச் சான்றிதழ் கேட்டுப் போனவளுக்கு ஒரு தாள் கிடைத்தது. 'வெளியாள் காலமானார். உள்ளாள் நலம்.'

"குழியில வச்சு மண்ணத் தள்ளியாச்சுய்யா" என்றாள் வடிவு.

"அது வெளியாள்" என்றார் அதே அதிகாரி. "அவர் பேரை வாக்காளர் பட்டியல்ல இருந்து எடுக்க முடியாதும்மா. உள்ளாளோட உரிமையைப் பறிச்ச மாதிரி ஆயிடும்."

தேர்தல் வந்தது. சமத்துவத்தில் அரசுக்கு இருந்த அக்கறையால் இம்முறை ஆளுக்கு இரண்டு ஓட்டு. வெளியாள் வரிசையில் நின்று போட வேண்டும். உள்ளாள் வெளியே வர மாட்டார் என்பதால் அவர் சார்பில் நிபுணர் குழு போட்டுவிடும். குடிமக்களின் வெளியாட்கள் ஒருவர் பாக்கியில்லாமல் மன்னருக்கு எதிராகப் போட்டார்கள். உள்ளாட்கள் ஒருவர் பாக்கியில்லாமல் மன்னருக்கே போட்டார்கள். அப்படியானால் சரிக்குச் சரியாக அல்லவா வந்திருக்க வேண்டும்? மன்னர் அறுநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில் வென்றார்.

தண்ணீர் குடித்து அந்த ஆண்டு செத்தவர்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். கொம்பையா அதில் ஒருவன். தன்னைக் கொன்றவருக்கே அவனை ஓட்டுப் போட வைத்துவிட்டார்கள். இதற்குப் பிறகும் நிதானமாகக் கதை சொல்ல வேண்டுமென்றால் அது என்னால் ஆகாது. ஆனாலும் சொல்லி முடிக்கிறேன்.

வெற்றி விழா செவ்வாய்க்கிழமை நடந்தது. நாட்டின் புகழ்பெற்ற பாட்டைப் பாட வடிவையே அழைத்திருந்தார்கள். துப்புகிறவள் என்று இருந்த இடத்தில் 'கும்பிடுறவ' என்று திருத்திக் கையில் கொடுத்திருந்தார் நுண்மதியார். வடிவு அந்தத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒரு செம்போடு மேடை ஏறி மைக்கைப் பிடித்தாள்.

"பாட்டுக்கு முன்னாடி மன்னர் ஒரு வாய் தண்ணி குடிக்கணும். கீழத்தெருக் கிணத்துத் தண்ணி."

செம்பில் தண்ணீர் நீலமாக இருந்தது. மன்னர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வேண்டாம்" என்றார்.

"அது வெளியாள் சொல்றது. உங்க உள்ளாளுக்கு என்ன வேணும்னு நிபுணருங்க சொல்லட்டும்."

கூட்டம் முழுவதும் நிபுணர் குழுத் தலைவரைப் பார்த்தது. அவர் நுண்மதியாரைப் பார்த்தார். கையில் இருந்ததோ ஒரே ஒரு முத்திரை. அதைக் குத்தினால் அந்தத் தண்ணீர் உள்ளாளுக்குத் திருப்தி என்றாகிவிடும், மன்னர் குடித்தாக வேண்டும். செம்பைத் தட்டிவிடலாம் என்றால் மேடைக்குக் கீழே ஆயிரக்கணக்கானவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களும் ஆளுக்கொரு செம்பு கொண்டுவந்திருந்தார்கள்.

நுண்மதியார் முழங்காலில் தாளை வைத்து ஓர் அவசரச் சட்டம் எழுதினார். மன்னர் கையெழுத்திட்டார். பெரிய ஆபத்து நீங்கிய நிம்மதியில் அமைச்சர் தாமே மைக்கை வாங்கி உரக்கப் படித்தார்:

"மன்னருக்கு உள்ளே எவருமில்லை. இச்சட்டம் உடனடியாக நடைமுறைக்கு வருகிறது."

வடிவு மைக்கைத் திரும்ப வாங்கி, அதே வரியைத் தன் பழைய மெட்டில் பாடினாள். "மன்னருக்கு உள்ளே எவருமில்லை." இரண்டாம் முறை பாடும்போது தவில்காரர் சேர்ந்துகொண்டார். மூன்றாம் முறை மைதானமே பாடியது.

அவளை அன்றைக்கே பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். பாட்டைப் பிடிக்க முடியவில்லை. வரி அரசிதழில் வந்த வரி, கீழே மன்னரின் கையெழுத்து. பாட்டைத் தடை செய்ய வேண்டுமென்றால் முதலில் சட்டத்தைத் திரும்பப் பெற வேண்டும். சட்டத்தைத் திரும்பப் பெற்றால் மன்னர் தண்ணீரைக் குடித்தாக வேண்டும். இரண்டில் எது நல்லது என்று ஆராய ஒரு குழு போட்டிருக்கிறார்கள்.

செம்பு இன்னும் அந்த மேடையிலேயே இருக்கிறது. கீழத்தெருக்காரர்கள் தினமும் வந்து, பாடிக்கொண்டே, அதில் புதுத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறார்கள்.