செல்களுக்குப் பத்தியம் போட்ட அண்ணை

சிசிலித் தீவிலேயே “இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள்” என்று யாரிடமும் சொல்லாத ஒரே மனிதர் பத்தியம் அண்ணைதான். யாழ்ப்பாணத்துக்காரர். பலேர்மோவில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் எனக்குப் பக்கத்து மேசை. சொந்தப் பெயரைச் சொன்னால் இங்கே எந்தத் தமிழருக்கும் அவரைத் தெரியாது.

ஒருமுறை பலேர்மோவின் போர்கோ வெக்கியோ பகுதியில், ஒரு தமிழர் வீட்டில் பிறந்தநாள் விருந்து. வீட்டுக்கார அக்கா இறைச்சிக் கறியோடு வந்தார். அண்ணை தன் தட்டை ஒரு கையால் மூடினார். மறு கையால் பக்கத்திலிருந்தவரின் தட்டையும் மூடினார்.

“அவருக்கும் காணும், அக்கா.” யாழ்ப்பாணத்தில் ‘காணும்’ என்றால் ‘போதும்’.

“ஐயோ, நான் இன்னும் தொடங்கவேயில்லை!” என்று அலறினார் அந்த மனிதர்.

எங்கள் வேலையோ சாப்பாடு போடுவது. ஹாம்ஸ்டர் என்ற எலியினத்தின் செல்களைக் குடுவையில் வளர்த்து, மருந்துக்கான புரதத்தைச் சுரக்க வைக்க வேண்டும். சர்க்கரை, அமினோ அமிலம், உப்பு எல்லாம் கலந்த ஊட்டக் கரைசல்தான் அவற்றின் உணவு. ஆனால் மளமளவென்று பெருகும் செல்கள், சுரக்க வேண்டிய நேரத்தில் கூட்டமாகச் செத்தன. நான் மதுரைக்காரி. வாடினால் சோறு போடு என்பதுதான் எனக்குத் தெரிந்த விஞ்ஞானம். ஊட்டத்தைக் கூட்டினேன். இன்னும் சீக்கிரம் செத்தன.

அடுத்த முறையும் இப்படியானால் திட்டத்தையே மூடிவிடுவேன் என்றார் ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியை. அதோடு எங்கள் இருவர் வேலையும் போய்விடும்.

அண்ணை நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “பிள்ளை, உதுகள் பசியிலை சாகேல்லை. கண்டபடி திண்டுபோட்டு, தாங்கள் விட்ட கழிவுக்குள்ளையே கிடந்து சாகுதுகள்.”

“அதுக்குன்னு பட்டினி போடுவீங்களா அண்ணே?”

“பட்டினி இல்லை. பத்தியம்.”

குளுட்டமின் என்ற அமினோ அமிலம் மிஞ்சினால் அம்மோனியா சேர்ந்து செல்களுக்கே நஞ்சாகிவிடும். அண்ணை அதையும் சர்க்கரையையும் வெகுவாகக் குறைத்தார். தீரத் தீரக் கொஞ்சமாக ஊட்டினார். ஒவ்வொரு முறை ஊட்டும் முன்பும் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “உண்மையாப் பசிக்குதோ, சும்மா கேக்கிறியளோ?” என்று விசாரிப்பார். வாசலில் வந்து பார்த்த பேராசிரியை, ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து ஓசைப்படாமல் திரும்பிப் போனார்.

செல்கள் சோம்பலாகத்தான் பெருகின. வழக்கமாகச் சாகும் நாள் வந்தது, போனது. அவை சாகவில்லை. இரண்டாம் வாரத்திலும் தெம்பாகச் சுரந்துகொண்டிருந்தன. பேராசிரியை ஓடிவந்து அண்ணையின் இரு கன்னத்திலும் மாறி மாறி முத்தமிட்டார். குடுவையைக் கீழே வைக்கவும் முடியாமல், “காணும், காணும்” என்று தமிழிலேயே முனகினார் அண்ணை.

செய்தி பரவி, வட இத்தாலியத் துறைமுக நகரமான ஜெனோவாவிலிருந்து ஓர் ஆய்வகம் அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போனேன்.

“போயிட்டு வாறன், பிள்ளை. அழாதை.”

“நான் அழலையே அண்ணே.”

“ஓம், ஓம்.”

மேல்தளத்தில் நின்று கையாட்டினார். கப்பல் திரும்பி, அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்றே தெரியாமல் போன பிறகும் நான் கையை இறக்கவில்லை.