பட்டியலும் ஒரு முழங்காலும்

“கால் எப்படி இருக்கு?” என்று தலைமை எழுத்தர் அம்மாள் கேட்டபோது அவர் கையிலிருந்த பேனாவின் மூடி திறந்திருந்தது. அக்கறையாக நலம் விசாரிக்கிறவர்கள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு விசாரிப்பதில்லை. வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் ரீடிங் எடுக்கும் மீட்டர்காரர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“எதுக்கு மேடம் கேக்கறீங்க?”

“மேலிடத்துலேர்ந்து பட்டியல் கேட்டிருக்காங்க. நடமாட்டத்தில் சிரமம் உள்ள பணியாளர்கள். உங்க பேரைத்தான் முதல்ல எழுதப் போறேன்.”

“பட்டியல் எதுக்காம்?”

“அனுப்புன்னாங்க, அனுப்பறேன். எதுக்குன்னு கேட்டா என்னையும் ஏதாவது ஒரு பட்டியல்ல சேர்த்துடுவாங்க.”

அந்தக் குடிநீர் வாரியக் கிளையில் பட்டியல் என்ற சொல்லைக் கேட்டால் இருபது வருஷ சர்வீஸ்காரர்களே பேனாவை ஒளித்துவைப்பார்கள். குடை தேவைப்படுவோர் பட்டியல் என்று ஒருமுறை கேட்டார்கள். ஓசிக்குடை என்று ஆசைப்பட்டுப் பேர் கொடுத்த ஏழு பேரையும் மழைக்காலம் முழுக்க வெள்ளத்தடுப்பு வேலைக்கு அனுப்பினார்கள். குடையும் வரவில்லை. நீச்சல் தெரிந்தவர்கள் பட்டியலில் பெருமையாகக் கையெழுத்துப் போட்டவர்கள், மறுநாளே மேல்நிலைத் தொட்டிக்குள் இறங்கிப் பாசி சுரண்டினார்கள். கண்ணாடி அணிவோர் பட்டியலில் இருந்த மூன்று பேர் நான்கு மணி நேரப் பயணத்தில் இருக்கும் அணைக்கட்டு நிலையத்துக்கு மாற்றப்பட்டார்கள். ஏன் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவர்கள் கண்ணாடி போட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே மீட்டர்காரர் நிமிர்ந்து நின்றார். வலது முழங்கால் உள்ளுக்குள் அலறியது. மூன்று மாதம் முன்பு ஒரு வீட்டு வாசலில் ரீடிங் எடுக்கக் குனிந்தபோது மீட்டர் குழியின் மூடி உடைந்து, காலோடு உள்ளே போய், தசைநார் கிழிந்துவிட்டது. வேலைக்குத் திரும்பி இரண்டு வாரம்தான் ஆகிறது.

“எனக்குக் காலெல்லாம் பூரண குணம் மேடம்.”

“இப்பத்தானே நொண்டிக்கிட்டே உள்ள வந்தீங்க?”

“ஷூ கடிக்குது.”

“செருப்புல்ல போட்டிருக்கீங்க?”

மீட்டர்காரர் தன் காலைப் பார்த்தார். செருப்புதான். பொய் சொல்கிறவனுக்கு ஞாபகம் வேண்டும் என்பார்கள். முதலில் கீழே பார்க்கவாவது தெரிந்திருக்க வேண்டும்.

“அது... காலையில போட்ட ஷூ மேடம். ஓடறதுக்கு வாங்கினது. பயிற்சி எடுக்கறேன்ல? வர்ற ஞாயித்துக்கிழமை அரை மாரத்தான்.”

இதை ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. சுவரில் அந்த ஓட்டத்தின் போஸ்டர் இருந்தது. கண்ணில் பட்டது வாயில் வந்துவிட்டது.

அம்மாள் பேனாவை மூடினார். மீட்டர்காரருக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் மூடியது தொலைபேசியை எடுப்பதற்காக. “சார், நீங்க ஓட்டத்துக்கு ஆள் இல்ல ஆள் இல்லன்னு புலம்பினீங்களே, நம்ம மீட்டர்காரர் ஓடறாராம்!” என்றார்.

புதிதாக வந்த பொறியாளர்தான் அந்த ஓட்டத்துக்கு அமைப்பாளர். குதிரை மாதிரி உடம்பு, குழந்தை மாதிரி உற்சாகம். மாடியிலிருந்து இரண்டிரண்டு படியாகத் தாவி வந்து மீட்டர்காரரைக் கட்டிக்கொண்டார். பத்து நிமிஷத்தில் மீட்டர்காரரின் புகைப்படம் அறிவிப்புப் பலகையில் ஏறியது. ‘விழுந்தார், எழுந்தார், ஓடுகிறார்’ என்று கீழே சிவப்பு மையில் எழுதியிருந்தது. “ஓடி முடிச்சதும் எடுத்துடலாம்” என்று அம்மாள் பட்டியலிலும் அவர் பேரை எழுதி வைத்துக்கொண்டார்.

அன்று மதியம் பன்னிரண்டரைக்கு மீட்டர்காரர் தன் வீட்டுக் கதவைத் தட்டினார். சாவி சட்டைப்பையில்தான் இருந்தது. இருந்தாலும் தட்டத்தான் வேண்டும்.

உள்ளே கட்டிலில் அவருடைய அப்பா. நாலு வருஷமாக அவருக்கு ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டு வருகிறது. மருமகள் சாப்பாடு ஊட்டினால், “யாரும்மா நீ? என் வீட்டுக்காரி வந்தா தப்பா நினைப்பா” என்று வாயை இறுக மூடிக்கொள்வார். மகன் பனியனோடு வந்து நின்றால் திருடன் என்று கூச்சல் போடுவார். காக்கிச் சட்டை, தோளில் பை, கையில் ரீடிங் கருவி என்று ஒருவர் கதவைத் தட்டி வந்தால் மட்டும் முகம் மலரும்.

“வாங்க மீட்டர்காரரே, உக்காருங்க. வெயில்ல அலைஞ்சிட்டு வர்றீங்க.”

“ரீடிங் எடுக்க வந்தேங்க. நீங்க சாப்பிட்டு முடிச்சாத்தான் எடுக்கணும்னு உத்தரவு.”

“அரசாங்க உத்தரவா? அப்ப சரி,” என்று வாயைத் திறப்பார்.

ஒரு நாளைக்கு அவர் ஒழுங்காகச் சாப்பிடுவது அந்த ஒரு வேளைதான். காலில் அடிபட்டு விடுப்பில் இருந்த நாட்களிலும் மீட்டர்காரர் மதியம் காக்கியைப் போட்டுக்கொண்டு, ஊன்றுகோலோடு பின்வாசல் வழியாகச் சுற்றி வந்து முன்கதவைத் தட்டியிருக்கிறார். அவருடைய ரீடிங் எல்லைக்குள் சொந்தத் தெருவும் இருந்ததால் இதெல்லாம் நடந்தது. அணைக்கட்டுக்கு மாற்றினால் மதியம் இந்தக் கதவை யார் தட்டுவது? கிழவர் பட்டினி கிடந்தே போய்விடுவார்.

விஷயத்தைக் கேட்ட மனைவி, ஊட்டி முடித்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“முட்டிதான் போச்சுன்னு நெனச்சேன். மூளையும் சேர்ந்து போயிடுச்சா?”

“பட்டியல்டி. அதுல பேர் ஏறினா அணைக்கட்டு.”

“அதுக்கு? இருபத்தொரு கிலோமீட்டரு! நீங்க நேத்து குளியலறைக்குப் போறதுக்கே ரெண்டு எடத்துல நின்னீங்க.”

“ஓட மாட்டேன். சனிக்கிழமை காய்ச்சல்னு சொல்லிடறேன்.”

“காய்ச்சல்னா டாக்டர் சர்டிபிகேட் கேப்பாங்க. டாக்டர் காலைப் பார்ப்பார்.”

அதுவும் சரிதான். மீட்டர்காரர் வேறு வழி கண்டுபிடித்தார். மறுநாள் இடது செருப்புக்குள் ஒரு கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு அலுவலகம் போனார். ஒரு காலில் நொண்டினால்தானே நொண்டி? இரண்டு காலிலும் சமமாக நொண்டினால் அது நடை. மாடிப்படியில் நின்று பார்த்த பொறியாளர் சொக்கிப்போனார்.

“பார்த்தீங்களா மேடம், நீண்டதூர ஓட்டக்காரங்களுக்கே வர்ற நடை இது! ஒவ்வொரு அடியும் அளந்து வைக்கிறார்.”

மாலைக்குள் கூழாங்கல் தன் வேலையைக் காட்டிவிட்டது. இடது குதிகாலில் பெரிய கொப்புளம். இப்போது நல்ல கால் என்று சொல்லிக்கொள்ள அவரிடம் எதுவும் மிச்சமில்லை.

பிசியோதெரபி அம்மாளிடம் போனார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

“நான் உங்களைத் தினமும் காலை மடக்கி நீட்டச் சொன்னேன். எத்தனை தடவை?”

“இருபத்தொண்ணு.”

“இருபத்தொரு தடவை. கிலோமீட்டர் இல்லை. அதுலயும் பதினஞ்சுக்கு மேல உங்களால முடியலை.”

“ஓடினா என்னம்மா ஆகும்?”

“முட்டி போயிடும். போனா போனதுதான். கோவிச்சுக்கிட்டுப் போன பொண்டாட்டியா, ரெண்டு நாள்ல திரும்பி வர்றதுக்கு?”

வீடு திரும்பும் வழியில் மீட்டர்காரர் கடைசித் திட்டத்தைப் போட்டார். ஞாயிறு காலை எல்லாரோடும் கிளம்புவது. முதல் திருப்பத்தில் கூட்டத்திலிருந்து நழுவுவது. சந்தில் மறைந்து உட்கார்ந்திருந்து, கடைசியில் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு முடிவுக்கோட்டில் சேர்ந்துகொள்வது. அயோக்கியத்தனம்தான். ஆனால் அப்பாவின் சாப்பாட்டுக்காக என்று நினைத்தபோது மனசு ஆறியது.

ஞாயிறு காலை கிளம்பும் கோட்டில் அவர் தோள்மேல் ஒரு கை விழுந்தது.

“நான் இந்த வருஷம் நேரம் பார்த்து ஓடப் போறதில்லை,” என்றார் பொறியாளர். “உங்க கூடவேதான் வரப் போறேன். கடைசி வரைக்கும்.”

“வேண்டாம் சார், உங்களுக்கு எதுக்குச் சிரமம்?”

“சிரமமா? உங்களை நான் விடவே மாட்டேன்!”

விடவில்லை. ஓடிக்கொண்டே பேசினார். குழாய்க் கசிவைப் பற்றி, மூச்சுவிடும் முறையைப் பற்றி, தான் வாழைப்பழம் சாப்பிடும் நேரத்தைப் பற்றி எல்லாம் பேசினார். மீட்டர்காரர் ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்தார். வலது காலை வைத்தால் முட்டி, இடது காலை வைத்தால் கொப்புளம். நடுவில் வைக்கக் கடவுள் மூன்றாவது கால் கொடுக்கவில்லை.

நாலாவது கிலோமீட்டரில் மெல்லக் கேட்டார். “சார், அந்தப் பட்டியல்...”

“ஓடும்போது ஆபீஸ் பேச்சு வேண்டாம். நல்லபடியா முடிங்க. உங்க பேரை என் கையாலயே அடிக்கிறேன்.”

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மீட்டர்காரர் எட்டு கிலோமீட்டர் ஓடினார். ஓடினார் என்பது மரியாதைக்காக. பக்கத்தில் பால் வாங்கப் போன ஒரு பெண்மணி நடந்தே அவரை முந்திச் சென்றார்.

பன்னிரண்டாவது கிலோமீட்டரில் பாதை அவருடைய ரீடிங் எல்லைக்குள் நுழைந்தது. பிடித்தது சனி. விபத்துக்குப் பிறகு அவர் இன்னும் எட்டிப்பார்க்காத வீட்டுக்காரர்கள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்கள்.

“மீட்டர்காரரே, எங்க மீட்டர் தானா சுத்துது!”

“ஓட்டத்துல இருக்கேன் சார்!”

“நானும் கூடவே ஓடி வர்றேன், கேளுங்க. குழாயை மூடினாலும் சுத்துது!”

வீட்டுச்செருப்போடு அந்த மனிதர் அரைக் கிலோமீட்டர் கூடவே வந்தார். மூச்சு வாங்காமல் முழுப் புகாரையும் சொல்லி முடித்துவிட்டுத் திரும்பிப் போனார். மீட்டர்காரருக்கு அழுகை வந்தது.

சொந்தத் தெருவில் மனைவி வாசலில் நின்றிருந்தாள். பக்கத்தில் நாற்காலியில் அப்பா. மகன் மார்பில் ஓட்டத்துக்கான எண் அட்டையைக் குத்திக்கொண்டு, மஞ்சள் பனியனில், வாயைப் பிளந்தபடி இழுத்து இழுத்து வருவதை அவர் உற்றுப் பார்த்தார்.

“யாரும்மா அந்த ஆளு? பாவம், யாரோ துரத்தறாங்க போலிருக்கு. தண்ணி குடுத்து அனுப்பு.”

மனைவி தண்ணீர் கொடுத்தாள். “போதுங்க, நின்னுடுங்க,” என்றாள் மெதுவாக. அவள் குரல் உடைந்திருந்தது. மீட்டர்காரர் அப்பாவைப் பார்த்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து குச்சியாக நின்றது. தம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடினார்.

பதினெட்டில் முழங்காலுக்குள் ஏதோ ஒன்று ‘டப்’ என்றது. அதற்குப் பிறகு வலியே இல்லை. கால் இருக்கிற இடமே தெரியவில்லை. பொறியாளர் அவர் கையொன்றை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். முடிவுக்கோட்டுக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது பரிசளிப்பு முடிந்து, பந்தல்காரர்கள் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். தலைமை எழுத்தர் அம்மாள் மட்டும் கைதட்டினார்.

பொறியாளர் சொன்ன சொல் தவறவில்லை. அம்மாளின் பையிலிருந்து பட்டியலை வாங்கி, அங்கேயே, மேஜைமேல் வைத்து, மீட்டர்காரரின் பெயர்மீது ஒரு கோடு இழுத்துக் கையெழுத்தும் போட்டார். “இந்த மனுஷனைப் போய் ஒரு மூலையில உக்கார வைக்கப் பார்த்தாங்களே!” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மீட்டர்காரரும் அழுதார். நாளைக்குப் பன்னிரண்டரைக்குக் கதவைத் தட்டலாம். தவழ்ந்து போயாவது தட்டலாம்.

நிற்க முடியாததால் அவரை வாரிய ஜீப்பில் பின்சீட்டில் நீளமாகப் படுக்க வைத்து அனுப்பினார்கள். டிரைவர் கலகலப்பான ஆள்.

“அசத்திட்டீங்கண்ணே! எப்ப கிளம்பறீங்க அணைக்கட்டுக்கு?”

“நான் எதுக்குய்யா அணைக்கட்டுக்குப் போறேன்? அதான் பட்டியல்லேர்ந்து பேரை எடுத்துட்டாங்களே.”

“அதனாலதாண்ணே கேக்கறேன். அடுத்த மாசம் எல்லா வீட்டுக்கும் தானா ரீடிங் அனுப்பற மீட்டர் மாட்டறாங்க. நடந்து போய் எடுக்கற வேலையே கிடையாது. கால் நல்லா இருக்கற அத்தனை பேரும் அணைக்கட்டுக்குத்தான். நேத்துதான் உத்தரவு வந்துச்சு.”

மீட்டர்காரர் எழுந்து உட்காரப் பார்த்தார். முடியவில்லை. “அப்ப அந்தப் பட்டியல்?”

ஜீப் அவருடைய தெருவுக்குள் திரும்பியது. முனையிலிருந்த சின்ன அறையில் ஒருவன் ஏணிமேல் நின்று சுவருக்கு நீல வண்ணம் அடித்துக்கொண்டிருந்தான். டிரைவர் வேகத்தைக் குறைத்து அதைக் கையால் காட்டினார்.

“இதோ, இங்க ஒரு புகார் கவுண்டர் திறக்கறாங்க. நடக்க முடியாதவங்க யாராவது ஒருத்தரு, ரிட்டயர் ஆகற வரைக்கும் உக்காந்தே வேலை பார்க்கட்டும்னு கேட்ட பட்டியல்ணே அது. மொத்தக் கிளையிலயும் அதுல இருந்தது உங்க ஒரு பேருதான்.”